வீட்டை விற்பவர் ஒருவர். விலையை அறிந்தவர் வேறொருவர்!

"வீடு விற்பனைக்கு. தரகர்கள் அணுக வேண்டாம்."

சென்னையிலே, மதுரையிலே, கோவையிலே, எந்த ஊரின் எந்தத் தெருவிலே நடந்தாலும் இந்தப் பலகை கண்ணில் படுகிறது. வாயிற்கதவிலே தொங்குகிறது, மின்கம்பத்திலே ஒட்டப்பட்டிருக்கிறது, செய்தித்தாளின் வரி விளம்பரத்திலே இடம் பெறுகிறது, இப்போது கைப்பேசித் திரையிலேயும் வந்து நிற்கிறது. வாசகம் சிறிது. அதற்குள்ளே அடங்கியிருக்கும் கோபம் சிறிதன்று, அச்சமும் சிறிதன்று.

ஆனால், பலகையை மாட்டிய மறுநாள் காலையில் முதலில் வந்து கதவைத் தட்டுகிறவர் யார்? தரகர்தான்! "பார்ட்டி கையிலே இருக்கிறது, பணம் தயார், பேசி முடித்து விடலாமா?" என்கிறார். வேண்டாம் என்று எழுதிப் போட்டவரே, "சரி, உள்ளே வாருங்கள்" என்கிறார். ஏன்? விலக்க நினைத்தவரையே வரவேற்க வேண்டிய நிலை எதனால் வந்தது? இதற்கு விடை கண்டாலன்றி, வீட்டை நாமே விற்பதா, தரகரை வைத்து விற்பதா என்ற வழக்குக்குத் தீர்ப்புக் கூற இயலாது.

இது வசதி படைத்தோரின் வழக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பத்து வீடு வைத்திருப்பவருக்கு ஒரு வீட்டிலே நேரும் நட்டம், கணக்கேட்டிலே ஒரு வரி. ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநருக்கு, ஆலைத் தொழிலாளிக்கு, பள்ளி ஆசிரியைக்கு இருப்பதோ ஒரே வீடு. முப்பதாண்டு உழைப்பு செங்கல்லாகிச் சுவராகி நிற்கும் வீடு. அதை அவர்கள் ஆசைப்பட்டு விற்பதில்லை. மருத்துவமனைச் செலவு விற்கச் சொல்கிறது. மகளின் திருமணம் விற்கச் சொல்கிறது. கழுத்தை நெரிக்கும் கடன் விற்கச் சொல்கிறது. வாழ்நாளிலே ஒரு முறை வீடு விற்பவர் ஒரு பக்கம். அதையே அன்றாடத் தொழிலாகக் கொண்டவர் மறுபக்கம். இந்த இருவரும் எதிரெதிரே அமர்ந்து பேசும் பேரத்திலே யார் கை ஓங்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இரு தரப்பின் வாதம்

தரகர் வேண்டாம் என்போரின் வாதம் எளிது. வீட்டின் விலை 50 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். தரகு நூற்றுக்கு இரண்டு என்றால் 1 இலட்சம் ரூபாய். இரண்டு பேரை அழைத்து வந்து வீட்டைக் காட்டியதற்கு ஓர் இலட்சமா? சுவர் எழுப்பினாரா? கூரை வேய்ந்தாரா? வங்கிக் கடனுக்குத் தவணை கட்டினாரா? எதற்காக அவருக்கு இவ்வளவு? இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

தரகரின் வாதத்தையும் கேட்போம். "நீங்கள் பார்ப்பது விற்ற வீட்டை, விற்காத வீடுகளை யார் பார்த்தார்? பத்துப் பேரை வெயிலிலே அழைத்துப் போய்க் காட்டினால் ஒருவர் வாங்குகிறார். மற்ற ஒன்பது நாளின் பெட்ரோலும் தேநீரும் என் கைக்காசு. கிரயம் முடியாவிட்டால் கால் காசும் கிடையாது. முடிந்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு" என்கிறார். இதுவும் பொய்யன்று. தேநீர்க் கடை வாசலிலே, இருசக்கர வண்டியிலே, இரண்டு கைப்பேசியோடு காத்திருக்கும் எளிய தரகர்கள் ஆயிரமாயிரம். நம் கோபம் அவர்கள்மீது பாய்வதிலே பொருளில்லை.

அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? தரகு கூடுதலா குறைவா என்று இரு தரப்பும் பேசுகின்றனவே தவிர, வீட்டின் விலை சரியா என்று எவரும் பேசவில்லை. ஓர் இலட்சம் தரகுக்காக மனம் பதறுகிறவர், விலையிலே ஐந்து இலட்சம் பறிபோவதை அறியாமலே கையெழுத்திடுகிறார். தரகு கண்ணுக்குத் தெரிகிற செலவு. விலையிலே வருவதோ கண்ணுக்குத் தெரியாத நட்டம்!

கணக்கெடுத்த நாடு கூறுவதென்ன?

தரகர் மூலம் விற்றால் விலை கூடுமா, குறையுமா? நம் நாட்டிலே இதற்கு நேரிய கணக்கெடுப்பது அரிது. ஏன் அரிது என்பதைப் பின்னர்க் காண்போம். பெரும்பாலான மாநிலங்களிலே வீடு விற்ற விலை பொது ஏட்டிலே பதியப்படும் நாடு அமெரிக்கா. அங்கே கணக்கெடுத்திருக்கிறார்கள்.

ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்திலே ஏறத்தாழ ஓர் இலட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008 இல் முடிவை வெளியிட்டனர். தரகர் பிறருடைய வீட்டை விற்கும்போது ஒரு விலை. தம் சொந்த வீட்டை விற்கும்போது வேறொரு விலை! ஒத்த வீடுகளை ஒப்பிட்டபோது, சொந்த வீட்டுக்கு நூற்றுக்கு 3.7 கூடுதலாகப் பெற்றனர். அதற்காக ஏறத்தாழ ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்தனர். நமக்கு "வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்று உபதேசம், தமக்கென்றால் பொறுமை!

இதிலே வஞ்சகத்தைவிடக் கணக்கே பெரிது. 50 இலட்சத்துக்குக் கேட்பு வந்திருக்கிறது. இன்னும் ஒரு மாதம் காத்திருந்தால் 51 இலட்சம் கிடைக்கும். அந்த ஓர் இலட்சத்திலே உரிமையாளருக்கு 98,000 ரூபாய். நூற்றுக்கு இரண்டு வாங்கும் தரகருக்கு 2,000 ரூபாய். 2,000 ரூபாய்க்காக ஒரு மாதம் அலைவாரா அவர்? இன்றே முடித்து 1 இலட்சம் தரகைப் பெற்றுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவது அவருக்கு ஆதாயம். அவர் நல்லவராகவே இருந்தாலும் கணக்கு அவரை அந்தப் பக்கம் இழுக்கும்.

மேடிசன் என்ற மற்றோர் அமெரிக்க நகரிலே, தரகரின்றித் தாமே விற்றவர்களையும் தரகர் மூலம் விற்றவர்களையும் மூன்று அறிஞர்கள் ஒப்பிட்டனர். 2009 இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: தாமே விற்றவர்கள் விலையிலே குறைந்துவிடவில்லை. ஆனால் காலம் கூடுதலாயிற்று. விற்க இயலாமல் பிறகு தரகரிடமே சென்றவர்களும் இருந்தனர். ஆகவே தரகர் அங்கே தந்தது கூடுதல் விலையன்று, விரைவுதான். அவசரக்காரனுக்கு அது உதவி. காத்திருக்க இயன்றவனுக்கு அது வீண் செலவு.

அங்கே தரகு நூற்றுக்கு ஐந்து, ஆறு என்று நெடுங்காலம் நிலைத்து நின்றது. விற்பவர் கொடுத்த பணத்திலேயே வாங்குபவரின் தரகருக்கும் பங்கு போயிற்று. விற்பனையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2023 அக்டோபர் 31 அன்று, மிசூரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியிலே, தரகர்களின் தேசியச் சங்கமும் பெரிய தரகு நிறுவனங்களும் கூடித் தரகை உயர்த்தி வைத்தன என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. விதித்த இழப்பீடு ஏறத்தாழ 180 கோடி டாலர்! 1908 இல் தொடங்கிய அந்தச் சங்கம் 2024 மார்ச்சில் 41.8 கோடி டாலர் தருவதாக இணங்கி வந்தது. 2024 ஆகஸ்ட் 17 முதல், தரகு என்ன என்பதை எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்த பிறகே, வாங்குபவருக்குத் தரகர் வீட்டைக் காட்டலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்கரைப் பார்த்து மயங்கச் சொல்லவில்லை. அங்கே வழக்காட முடிந்தது ஏன் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். தரகு இன்னதென்று ஏட்டிலே இருந்தது; விற்ற விலை இன்னதென்று ஏட்டிலே இருந்தது. ஏடு இருந்ததால் வழக்கு இருந்தது!

இங்கே கேட்பார் யார்?

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 2016 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. ‘ரெரா’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டிலே 2017 இல் விதிகள் வந்தன, ஆணையமும் அமைந்தது. தரகர் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவின்றித் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தண்டம் என்றெல்லாம் சட்டம் மிரட்டுகிறது.

படித்தவுடன் மனம் குளிர்கிறது. ஒன்பதாவது பிரிவை மீண்டும் ஒரு முறை படித்தால் குளிர்ச்சி போய்விடுகிறது. பதிவு பெற்ற திட்டத்திலே, கட்டுமான நிறுவனம் விற்கும் மனையையும் அடுக்ககத்தையும் விற்றுத் தரும் தரகருக்குத்தான் அந்தக் கட்டாயம். புரசைவாக்கத்திலே இருபதாண்டுக்கு முன் கட்டிய வீட்டை ஒரு முதியவர் விற்கிறார் என்றால், இடையிலே நிற்கும் தரகருக்குப் பதிவு வேண்டியதில்லை, எண் வேண்டியதில்லை, கணக்கு ஏடும் வேண்டியதில்லை! கோடிகளைக் கொட்டிக் கட்டும் நிறுவனத்தின் தரகருக்குச் சட்டம். ஒற்றை வீட்டை விற்கும் எளியவரின் தரகருக்குச் சட்டமில்லை. காவல் எங்கே வேண்டுமோ அங்கே கதவு திறந்து கிடக்கிறது.

முடியாத காரியமா இது? அரியானாவிலே சொத்துத் தரகர்கள் உரிமம் பெற வேண்டும் என்று 2008 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றினார்கள். மகாராட்டிரத்திலே பதிவு பெறும் தரகருக்குப் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்று 2023 இல் ஆக்கினார்கள். ஆட்டோ ஓட்டுபவருக்கு உரிமம் கேட்கிறோம். மருந்துக் கடைக்கு உரிமம் கேட்கிறோம். ஒரு குடும்பத்தின் முழுச் சொத்தையும் கை மாற்றி விடுகிறவருக்கு மட்டும் வேண்டாமா?

மறைந்து கிடக்கும் விலை

தரகரின் வலிமைக்கு வேர் எங்கே? அவருடைய பேச்சுத் திறனிலே அன்று. அடுத்த தெருவிலே சென்ற மாதம் விற்ற வீடு உண்மையிலே என்ன விலைக்குப் போயிற்று என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அந்த ஓர் அறிவுதான் அவருடைய மூலதனம்.

உங்களுக்கு ஏன் தெரியவில்லை? சார்பதிவாளர் அலுவலகத்திலே கிரயப் பத்திரம் பதிவாகிறதே, வில்லங்கச் சான்றை இணையத்திலே கட்டணமின்றிப் பார்க்கலாமே, அதிலே தொகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது எந்தத் தொகை? பல இடங்களிலே அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டி எழுதிய தொகை. உண்மை விலை 80 இலட்சம், பத்திரத்திலே 45 இலட்சம், மிச்சம் பையிலே! ஊரறிந்த இரகசியம் இது.

ஏன் அப்படி எழுதுகிறார்கள்? முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7. பதிவுக் கட்டணம் 2017 இல் 1 இலிருந்து 4 ஆக உயர்ந்து, 2023 இல் 2 ஆகக் குறைந்தது. ஆகக் கூடி 9. வாங்குபவர் இதைக் குறைக்கப் பார்க்கிறார். விற்பவர் வருமான வரியைக் குறைக்கப் பார்க்கிறார். இருவர் நலமும் பொய்யிலே ஒன்று சேர்கின்றன. வீட்டுக் கிரயத்திலே 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கலாகாது என்று 2015 இல் விதி வந்தும், பை கை மாறுவது நிற்கவில்லை.

இதனால் அரசுக்கு வருவாய் இழப்பு என்று மட்டும் சொல்வார்கள். உண்மையிலே பெரிய இழப்பு, நாளைக்கு வீடு விற்கப் போகும் எளியவருக்கு. ஏனெனில் இன்றைய பொய்ப் பத்திரம்தான் நாளை அவர் பார்க்கும் விலைப் பட்டியல்! ஏடு பொய் சொல்வதால் தரகர் வாய் வேதமாகிறது. "தரகர்கள் அணுக வேண்டாம்" என்று பலகை மாட்டியவர் மறுநாள் கதவைத் திறப்பதன் காரணம் இதுதான். அவருக்கு வேண்டியது தரகரன்று, விலை. அந்த விலை தரகரிடம் மட்டுமே இருக்கிறது.

இந்த இருட்டிலேதான் ‘மேல்விலை’ என்ற வேட்டை நடக்கிறது. "உமக்கு 50 இலட்சம் வந்தால் போதுமல்லவா? மேலே எவ்வளவு வந்தாலும் என் சாமர்த்தியம்" என்கிறார் பெருந்தரகர். சிறு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டு, ‘பவர்’ பத்திரத்திலும் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். 58 இலட்சத்துக்கு விற்கிறார். வீட்டுக்காரர் முப்பதாண்டு உழைத்துச் சேர்த்ததிலே 8 இலட்சத்தை மூன்று வாரத்திலே எடுத்துக்கொள்கிறார். நூற்றுக்கு இரண்டு என்று எண்ணிய தரகு, இப்போது நூற்றுக்குப் பதினாறு!

1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. முகவர் கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும். உரிமையாளர் அறியாமல் தம் ஆதாயத்துக்காக அந்தக் காரியத்திலே புகுந்தால், அந்த ஆதாயத்தை உரிமையாளர் கேட்டுப் பெறலாம். முறைகேடாக நடந்துகொண்ட காரியத்துக்கு முகவருக்குக் கூலி கிடையாது. ‘பவர்’ பத்திரம் சொத்துரிமையை மாற்றித் தராது என்று உச்ச நீதிமன்றமும் 2011 அக்டோபரில் ‘சூரஜ் லாம்ப்’ வழக்கிலே உறுதியாக உரைத்திருக்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் எழுத்திலே ஒப்பந்தம் இல்லாதவர், எந்தத் தாளைக் காட்டி நீதிமன்றப் படியேறுவார்?

செய்யத் தக்கது யாது?

வீடு விற்போர் முதலில் செய்ய வேண்டியது, தரகரின் பணியையும் வழக்கறிஞரின் பணியையும் பிரித்தறிவது. தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி இரசீது, வாரிசுச் சான்று ஆகியவற்றைச் சரி பார்ப்பது தரகர் வேலையன்று. வழக்கறிஞருக்குக் குறித்த கட்டணம் கொடுத்து, விலை பேசும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். தாள் சரியாக இருந்தால் வாங்குபவர் பேரத்திலே குறை சொல்ல வழியில்லை. அடுத்து, ஒருவரிடம் மட்டும் விலை கேட்காமல் மூன்று, நான்கு பேரிடம் கேட்க வேண்டும். தெருவிலே அண்மையில் வாங்கியவரிடமும் விற்றவரிடமும் நேரிலே விசாரிக்க வேண்டும். அதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவசரம் இல்லாதவர், அதே ஊரிலே வாழ்பவர், வந்து பார்ப்போருக்கு வீட்டைக் காட்ட ஆளுள்ளவர் தாமே விற்கலாம். அஞ்சத் தேவையில்லை. பிள்ளைகள் வெளிநாட்டிலே இருக்க, தனியே வாழும் மூதாட்டிக்கும், மாத முடிவுக்குள் கடன் அடைக்க வேண்டியவருக்கும் தரகர் தேவைப்படலாம். தேவைப்பட்டால் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் தரகு எவ்வளவு, எப்போது தருவது, எதிர்த் தரப்பிடமும் அவர் தரகு வாங்குகிறாரா என்ற மூன்றையும் வெள்ளைத் தாளிலேயாவது எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். இரு பக்கமும் கூலி வாங்குகிறவர் எந்தப் பக்கத்துக்காகப் பேசுவார் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதல்லவா? விற்கும் பொருட்டுத் தரகர் பெயரிலே ‘பவர்’ எழுதித் தருவது கூடவே கூடாது. வாங்குபவரை நேரிலே காணாமல், விலையை அவர் வாயாலே கேளாமல், எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வேண்டாம்.

தனி மனிதரின் எச்சரிக்கை ஒரு குடும்பத்தைக் காக்கும். ஊரைக் காக்க அரசு வேண்டும். பழைய வீடுகளைக் கை மாற்றும் தரகர்களையும் பதிவுக்குள் கொண்டு வரச் சட்டம் வேண்டும். பதிவுக் கட்டணம் எளிய தரகர் தாங்கக் கூடியதாக இருக்கட்டும். நேர்மையாக உழைப்பவருக்கு அது பாதுகாப்பே தவிரத் தண்டனையன்று, முகம் திருப்பிக்கொண்டு போகிறவரிடம் கூலி கேட்க அவருக்கும் ஒரு தாள் கிடைக்கும். இரண்டாவதாக, உண்மை விலையை எழுதுவோர் நட்டப்படாத வகையிலே தீர்வையைக் குறைத்து, எழுதாதவர்மீது கண்டிப்பைக் கூட்டி, தெரு வாரியாக விற்ற விலையை எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அரிசி விலை கடைப் பலகையிலே இருக்கிறது. தங்கத்தின் விலை நாள்தோறும் செய்தித்தாளிலே வருகிறது. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பான வீட்டின் விலை மட்டும் ஒருவர் காதிலே மற்றவர் கிசுகிசுக்கும் பொருளாக இருக்கலாமா?

தரகரை விரட்டு என்பதும் தீர்வன்று. தரகரே கதி என்பதும் தீர்வன்று. விலை வெளிச்சத்துக்கு வரட்டும். வந்துவிட்டால், விரும்புபவர் தாமே விற்பார். விரும்புபவர் கூலி கொடுத்து உதவி பெறுவார். அப்போது தரகர் பெறுவது அலைச்சலுக்கான கூலியாக இருக்கும். இன்றுபோல் பிறருடைய அறியாமைக்கு அவர் விதிக்கும் வரியாக இராது!